பார்க்க ஆளில்லாத வீட்டில் குடி

என் குடியைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேலைக்கு லேட்டாகப் போனதில்லை. மகளின் பள்ளிக் கட்டணத்தைப் பாக்கி வைத்ததில்லை. அவளுடைய யூனிஃபார்ம் தினமும் தேய்த்து மடித்துத் தயாராக இருக்கும். வெளியில் குடிக்கும் பழக்கமே கிடையாது என்பதால் நான் தள்ளாடி யாரும் பார்த்ததும் இல்லை. பெரும்பாலும் மகள் தூங்கிய பிறகு கதவைப் பூட்டிவிட்டு, சமையலறை மேடை ஓரமாக நின்றபடியே முதல் டம்ளரைக் குடிப்பேன். தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களில் குடிக்கிறவர்கள் பலரும் இப்படித்தான் குடிக்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிரச்சினை பிடிபட அவ்வளவு காலம் ஆவதும் இதனால்தான்.

இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் ஒருவர் குடித்தால் இன்னொருவருக்கு வாடை தெரியும், பாட்டில் காலியாகிற வேகம் தெரியும். "முந்தாநாள்தானே வாங்கினே?" என்று ஒரு கேள்வி வரும். அதிலிருந்து சண்டை வரலாம், பொய் வரலாம். ஆனாலும் கேட்க ஒரு ஆள் இருக்கிறது. நம் வீட்டில் அந்த ஆள் இல்லை. இருப்பது குழந்தை மட்டும்தான். அதற்கு எல்லாம் தெரியும், எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியாது.

டாக்டர்கள் பயன்படுத்தும் கேள்வித்தாள்களை நிரப்பிப் பார்த்தபோது இது எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வெளியிட்ட 'ஆடிட்' என்ற கேள்வித்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கு செய்யும் கட்டத்துக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பத்தாவது கேள்வி, உறவினரோ நண்பரோ டாக்டரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டதுண்டா, குறைக்கச் சொன்னதுண்டா என்பது. அதற்கு மட்டும் 4 மதிப்பெண் வரை உண்டு. 1984-இல் மருத்துவ இதழில் வெளியான 'கேஜ்' என்ற இன்னொன்றில் நான்கே கேள்விகள். குடியைக் குறைக்க வேண்டும் என்று தோன்றியதுண்டா, பிறர் குறை சொல்லி எரிச்சல் வந்ததுண்டா, குற்ற உணர்வு வந்ததுண்டா, காலையில் எழுந்ததும் நடுக்கம் அடங்கக் குடித்ததுண்டா. இரண்டுக்கு 'ஆம்' என்றாலே டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டு தாள்களிலும் 'பிறர்' என்ற ஒருவர் வருகிறார். யாருமே பார்க்காமல் குடிக்கிற ஆளுக்கு அந்த இடத்தில் பூஜ்யம்தான் விழும். அது உண்மையான பதில்தான், ஆனால் மொத்த மதிப்பெண்ணைக் குறைத்துக் காட்டிவிடும்.

கேள்வித்தாள்கள் தவறு என்று சொல்லவில்லை. அவற்றைக் கட்டாயம் நிரப்பிப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியை மட்டும் மாற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். நேற்று சாயங்காலத்திலிருந்து இன்று காலை வரை என் வீட்டில் இன்னொரு பெரியவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தால், இப்போது என்னிடம் என்ன சொல்லியிருப்பார்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் உடனே வந்தது.

ஆனால் அதற்கு முன்பே என் வீட்டில் ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மகளுக்கு அப்போது 7 வயது. பள்ளி டைரியில் தினமும் நான் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் எல்லாம் இரவுச் சாப்பாடு முடிந்து, பையை அடுக்கும்போது டைரியை எடுத்து வருவாள். ஒரு கட்டத்துக்குப் பிறகு நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே டைரியும் பேனாவுமாக வந்து நிற்க ஆரம்பித்தாள். "சாப்பிட்டு போடறேன்டி" என்றால், "வேணாம்மா, இப்பவே போட்டுடு" என்பாள். என்ன பொறுப்பான பிள்ளை என்று நான் பெருமைப்பட்டு, அக்காவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வருட டைரியை ரொம்ப நாள் கழித்துத்தான் புரட்டிப் பார்த்தேன். ஆரம்பப் பக்கங்களில் கையெழுத்து ஒழுங்காக இருந்தது. போகப்போகச் சில பக்கங்களில் கோட்டை விட்டு இறங்கியிருந்தது. ஒரு பக்கத்தில் என் பெயரின் பாதிதான் இருந்தது. அந்தப் பக்கத்துக்குக் கீழே ஆசிரியை சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாக் கையெழுத்தும் நேராக இருந்தன. அவளிடம் கேட்டேன். "மிஸ் நீயே போட்டியான்னு கேட்டாங்கம்மா. அதான் சீக்கிரமே வாங்கிடுவேன்" என்றாள். எந்த நேரம் வரை அம்மா சரியாக இருப்பாள் என்பதைக் கணக்குப் போட்டு, அதற்கு ஏற்ப ஒரு குழந்தை தன் நாளை மாற்றி அமைத்திருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒருவர் தன் குடியைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால், பாட்டிலைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் வழக்கங்கள் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தூங்கப் போகும் நேரம் காரணமே இல்லாமல் முன்னால் நகர்ந்திருக்கிறதா? கதை சொல்லும்போது பக்கங்களைத் தாண்டிப் போகிறோமா? இரவில் பயந்து விழித்தால் முன்பு வந்து எழுப்பிய குழந்தை இப்போது எழுப்புவதில்லையா? "அம்மாவுக்குத் தலைவலி" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதுவே பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறதா? தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டதா? ஒன்றிரண்டுக்கு வேறு காரணம் இருக்கலாம். பல சேர்ந்து வந்தால், அதுவும் சாயங்காலத்தைச் சுற்றியே வந்தால், காரணம் டம்ளருக்குள் இருக்கிறது.

எனக்கு முழுசாகப் புரிந்தது டைரியால் அல்ல, டைரியைப் புரட்டியது பிறகுதான். ஒரு இரவு மகளுக்கு நல்ல காய்ச்சல். பாராசிட்டமால் சிரப் கொடுத்தேன். குழந்தைகளுக்கு அதை எடைக்கு ஏற்பத்தான் கொடுக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஒரு டோஸுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 தடவைக்கு மேல் கூடாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். காலையில் உடம்பு இன்னும் கொதித்தது. அடுத்த டோஸ் கொடுக்கலாமா என்று யோசித்தபோதுதான், கடைசியாக எப்போது கொடுத்தேன் என்பது நினைவில் இல்லை என்று தெரிந்தது. மறந்துபோனது மாதிரி இல்லை. யோசித்தால் வந்துவிடும் என்ற உணர்வே இல்லாமல் அந்த இடம் வெறுமையாக இருந்தது. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தேன். அவளைக் கேட்டேன். "ரெண்டு தடவை வந்தியேம்மா" என்றாள். இரண்டு தடவையும் மருந்து கொடுத்தேனா, ஒரு தடவை போர்வையை மட்டும் சரிசெய்தேனா என்பது அவளுக்கும் தெரியவில்லை.

இப்படி நினைவு விட்டுப்போவதற்கு உடலில் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் ஆல்கஹால் வேகமாக ஏறும்போது, புதிய நினைவுகளைப் பதிந்துவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வேலையை நிறுத்திவிடுகிறது. மயங்கி விழுவது வேறு, இது வேறு. நடப்போம், பேசுவோம், மருந்து மூடியில் கோடு பார்த்து ஊற்றக்கூடச் செய்வோம், ஆனால் எதுவும் பதிவாகாது. வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் இதற்கான வாய்ப்பு அதிகம். பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, தான் சாப்பிடாமல் முதல் டம்ளரை எடுக்கும் அம்மாக்கள் எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

குழந்தை டாக்டருக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மகளின் எடையைக் கேட்டார். "ரெண்டு டோஸ் போயிருந்தாலும் இந்த எடைக்கு ஆபத்தில்லைம்மா. அடுத்த டோஸை நான் சொல்ற நேரத்துக்குக் கொடுங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஏன் ஞாபகம் இல்லை? தூக்க மாத்திரை ஏதாவது எடுக்கறீங்களா?" என்று கேட்டார். "குடிச்சிருந்தேன் டாக்டர்" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை. அவர் திட்டவில்லை, உபதேசம் செய்யவில்லை. "தினமுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு மனநல மருத்துவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். அந்த போன்தான் என் குடிக்கு வெளியாள் ஒருவர் சாட்சியாக வந்த முதல் சந்தர்ப்பம்.

அன்று மாலை, மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, அதே சிரப் மூடியை எடுத்தேன். 10 மி.லி. கோடு போட்டது. நான் வழக்கமாக வோட்கா ஊற்றும் டம்ளரில், வழக்கமாக நிறுத்தும் இடம் வரை தண்ணீரை ஊற்றினேன். அப்புறம் அதை மூடி மூடியாக அளந்து வெளியே ஊற்றினேன். 80 மி.லி. வந்தது. மருத்துவக் கணக்கில் ஒரு அளவு என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருப்பது 10 கிராம் ஆல்கஹால். 40 சதவீதம் ஆல்கஹால் உள்ள வோட்கா, பிராந்தி, விஸ்கி என்றால் அது ஏறக்குறைய 30 மி.லி. ஒயின் என்றால் 100 மி.லி., சாதாரண பீர் என்றால் 250 மி.லி. நான் இரண்டு டம்ளர் என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் ஐந்து அளவுக்கு மேல். 'எவ்வளவு குடிப்பீர்கள்' என்ற கேள்விக்கு டம்ளர் கணக்கில் பதில் சொன்னால் தப்பான விடைதான் வரும். வீட்டில் ஊற்றுபவர்கள் ஒரே ஒரு முறையாவது இப்படி அளந்து பார்த்துவிடுங்கள்.

கல்லீரல் சராசரியாக ஒரு மணி நேரத்தில் இந்த மாதிரி ஒரு அளவைத்தான் எரிக்கும். காபி குடித்தாலும் குளித்தாலும் அது வேகமாகாது. இரவு 10 மணிக்குத் தொடங்கி ஐந்து அளவு குடித்தால், அதிகாலை 3 மணிக்கு முன் உடம்பில் போதை இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. இரவு 1 மணிக்குக் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தால் வண்டி ஓட்ட யார் இருக்கிறார்கள்? இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இன்னொருவர் இருப்பார். நம் வீட்டில் அந்த இரவு முழுக்க, சுயநினைவோடு இருக்க வேண்டிய ஒரே பெரியவர் நாம்தான். இந்த ஒரு காரணத்தால், பொதுவாகச் சொல்லப்படும் 'கட்டுப்பாடான குடி' என்ற அளவைத் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பெண்களுக்கு இன்னும் ஒன்று உண்டு. ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில்தான் ஆல்கஹால் அதிகமாக ஏறும். உடம்பில் நீரின் பங்கு குறைவு, ஆல்கஹாலை வயிற்றிலேயே உடைக்கும் என்சைமும் பொதுவாகக் குறைவு.

மனநல மருத்துவர் என்னிடம் கேட்டவை எல்லாம் எளிமையான கேள்விகள். நினைத்ததைவிட அதிகமாகக் குடித்துவிடுகிறீர்களா? குறைக்க முயன்று முடியாமல் போனதா? முன்பு ஏறிய அளவு இப்போது ஏறுவதில்லையா? குடிக்க வேண்டும் என்ற ஏக்கம் வேலை நேரத்திலும் வருகிறதா? குடிக்காகச் சிலவற்றைக் கைவிட்டீர்களா? அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையில் இப்படி 11 அறிகுறிகள் இருக்கின்றன. ஒரு வருட காலத்தில் இரண்டு இருந்தாலே குடிநோய் என்று கணக்கு. இரண்டு மூன்று என்றால் லேசானது, நான்கு ஐந்து என்றால் நடுத்தரம், ஆறும் அதற்கு மேலும் தீவிரம். லேசானது என்ற ஒரு படி இருப்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. எல்லாவற்றையும் இழந்து நிற்கிறவர்தான் குடிநோயாளி என்று நினைத்தவரை, நான் என்னை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இனி விடுவது பற்றி. இதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர், காலையில் கை நடுங்குகிறவர், வியர்த்துக் கொட்டுகிறவர், முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் யாரும் வீட்டில் தனியாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் நடுக்கமும் பதற்றமும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குக் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் என்று உயிரையே பறிக்கும் நிலை வரலாம். டாக்டர் மேற்பார்வையில் மாத்திரைகளும் வைட்டமின் பி1-உம் கொடுத்து இதைப் பாதுகாப்பாகக் கடந்துவிட முடியும். வீட்டில் ஒரு குழந்தை மட்டும் இருக்கும்போது வலிப்பு வந்தால் அதைப் பார்ப்பதும் உதவிக்கு ஓடுவதும் அந்தக் குழந்தைதான். வைராக்கியத்தால் விட்டுவிடுவேன் என்று இறங்குவதற்கு முன் இதை யோசியுங்கள்.

அந்த முதல் நாட்களுக்காகத்தான் அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, எனக்கு குடி கையை மீறிப் போயிடுச்சு" என்று சொல்ல, போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்: "பாப்பாவுக்கு ஸ்கூல் எத்தனை மணிக்குடி?" மறுநாள் வந்து ஒரு வாரத்துக்கு மேல் இருந்தாள். இப்படி ஒரு அக்கா இல்லாதவர்கள் டாக்டரிடம் முதல் சந்திப்பிலேயே, "வீட்டில் குழந்தையோடு நான் மட்டும்தான்" என்பதைச் சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே மாத்திரையோடு சமாளிக்கலாமா, ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமா என்பதை முடிவுசெய்ய அவர்களுக்கு அது முக்கியமான தகவல்.

டாக்டரிடம் போகவிடாமல் என்னை ரொம்ப நாள் தடுத்தது ஒரு பயம். விவாகரத்துக்குப் பிறகு மகள் என்னிடம் இருக்கிறாள். குடி என்று எங்காவது எழுத்தில் பதிவானால் அதையே காட்டி அவளைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம். இது வெறும் கற்பனை என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. சட்டம் இடத்துக்கு இடம் வேறுபடும். அதனால் முதல் சந்திப்பில் உங்கள் கதையைத் தொடங்குவதற்கு முன்னாலேயே, "நான் சொல்வது யார் யாருக்குத் தெரியும், எந்தச் சூழ்நிலையில் நீங்கள் வெளியே சொல்ல வேண்டியிருக்கும்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். வழக்கு நடந்துகொண்டிருந்தால் வக்கீலையும் கேளுங்கள். ஆனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். தானாகப் போய் சிகிச்சை எடுத்தார், ஒழுங்காகத் தொடர்கிறார் என்று ஒரு காகிதம் இருப்பது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒரு ராத்திரியின் பதிவு இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

விட்ட பிறகு கஷ்டமான நேரம் என்பது நாள் முழுக்க இல்லை. குழந்தை தூங்கியதிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். அன்றைக்கு முதல்முறையாக யாரும் நம்மைக் கூப்பிடாத நேரம் அது. பசி, கோபம், தனிமை, களைப்பு என்று குடிநோய் சிகிச்சையில் நான்கைச் சொல்வார்கள். குடிக்கத் தூண்டும் இந்த நான்கும் தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு அந்த ஒரே நேரத்தில் சேர்ந்து வருகின்றன. நான் முதலில் சரிசெய்தது பசியை. மகளோடு உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் அவளுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தை நின்றபடி அள்ளிப் போட்டுக்கொள்வேன். வயிறு நிறைந்திருந்தால் ஏக்கத்தின் வேகம் குறைவதை எனக்கு நானே பார்த்தேன். தனிமைக்கு அக்கா. தினமும் இரவு அதே நேரத்துக்கு போன் செய்வாள். பேச ஒன்றும் இருக்காது. அவள் பாத்திரம் துலக்குவாள், நான் துணி மடிப்பேன். "சாப்பிட்டியாடி?" என்று கேட்பாள். அவ்வளவுதான்.

ஏக்கம் என்பது கடல் அலை மாதிரி ஏறி, உச்சிக்குப் போய், இறங்கிவிடும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கும். அந்த அரை மணி நேரம் வீட்டில் பாட்டில் இல்லாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. குழந்தையைத் தனியாக விட்டுவிட்டு இரவில் வாங்கப் போக முடியாது என்ற கட்டாயமே எனக்குக் கைகொடுத்தது. வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தரும் செயலிகள் இருக்கும் இடம் என்றால் அதை போனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தூக்கம் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் நான் சொல்லிவிடுகிறேன். குடித்தால் சீக்கிரம் தூக்கம் வரும் என்பது உண்மை. ஆனால் கனவு வரும் தூக்கத்தை அது முன்னிரவில் அமுக்கிவிடும், பின்னிரவில் அடிக்கடி விழிப்பு வரும். விட்ட பிறகு முதல் சில வாரங்கள் தூக்கமே சரியாக வராது. இது உடம்பு பழைய நிலைக்குத் திரும்புகிற காலம். அந்த வாரங்களில் 'காலையில் பிள்ளைக்காகத் தெம்பாக எழுந்திருக்கணுமே, ஒரே ஒரு பெக்' என்று தோன்றும். டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், குடியோடு சேர்ந்தால் மூச்சையே நிறுத்திவிடக்கூடியவை அவற்றில் உண்டு.

இன்னும் விட முடியாத நிலையில் இருப்பவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கும் இன்றைக்கே செய்யக்கூடியவை உண்டு. குடித்த இரவில் கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு ஒரே படுக்கையில் தூங்காதீர்கள், குழந்தைக்கு மூச்சு முட்டும் ஆபத்து பல மடங்கு கூடும். அதற்குத் தனிப் படுக்கை வேண்டும். மருந்து கொடுத்தால் அந்த நிமிடமே நேரத்தைப் பாட்டிலில் ஒட்டிய காகிதத்தில் எழுதுங்கள். இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய ஒரு பெரியவரின் எண்ணைக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டிவையுங்கள், அவரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். வண்டிச் சாவியைத் தொடாதீர்கள்.

குழந்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் ரொம்பத் தயங்கினேன். ஏற்கெனவே தெரிந்த ஒன்றைத்தான் சொல்லப்போகிறோம் என்று மனநல ஆலோசகரான கவுன்சிலர் சொன்னபோது தயக்கம் போனது. குடிக்கும் வீட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் தாங்கள் செய்த ஏதோ ஒன்றுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் மகளிடம் சொன்னது சின்னதாக இருந்தது. "அம்மா ராத்திரி குடிச்ச ஒண்ணு அம்மா உடம்பை மோசமாக்கிடுச்சு. அது ஒரு வியாதி. நீ எதுவும் செஞ்சதால வரலை. நீ சரிபண்ணவும் வேண்டாம், அதுக்கு டாக்டர் இருக்காங்க. உனக்கு பயமா இருந்தா பெரியம்மாகிட்ட சொல்லலாம், அம்மா கோச்சுக்க மாட்டேன்." அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "இனிமே டைரி சாப்பிட்டு தரட்டுமா?"

சத்தியம் எதுவும் செய்துகொடுக்கவில்லை. செய்துகொடுத்தால் அது உடைகிறதா என்று பார்ப்பது அவள் வேலையாகிவிடும். பாட்டில் இருக்கிறதா என்று தேடுவதும், வாயை மோந்து பார்ப்பதும் குழந்தையின் பொறுப்பு ஆகக் கூடாது. வீட்டில் ஒரு சாட்சி வேண்டும்தான், ஆனால் அந்தச் சாட்சி பெரியவராக இருக்க வேண்டும்.

ஏக்கத்தைக் குறைக்க மாத்திரைகள் இருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரியாது. நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளவை. டைசல்ஃபிராம் என்பது வேறு மாதிரி, அதை எடுத்துக்கொண்டு குடித்தால் கடுமையாக உடம்புக்கு முடியாமல் போகும். குடிப்பவருக்குத் தெரியாமல் அதைச் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது உயிருக்கே ஆபத்து. யாராவது அப்படி யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எது யாருக்கு என்பது கல்லீரல் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இன்று உலகம் முழுக்க நடக்கின்றன, கட்டணம் கிடையாது, பெயர் கேட்பதில்லை. சாயங்காலக் கூட்டத்துக்குப் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் நம் பிரச்சினை. ஆன்லைன் கூட்டங்கள் வந்த பிறகு அது எளிதாகிவிட்டது. மகள் தூங்கியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன், நான் குடித்த அதே நேரம். பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும் இருக்கின்றன, எனக்கு அவற்றில்தான் பேச வந்தது. அந்தக் கூட்டங்களில் வரும் கடவுளைப் பற்றிய பேச்சு ஒத்துவராதவர்கள் கவுன்சிலரிடம் போகலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிப் பழகும் சிகிச்சை நன்றாக உதவுகிறது. குடும்பத்தில் ஒருவர் குடித்தால் பதின்வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 1957-இல் தொடங்கிய அலட்டீன் குழுக்களும் உண்டு.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒருவருக்கு நீங்கள் அக்காவோ அண்ணனோ தோழியோ என்றால், உங்களுக்கும் இரண்டு வார்த்தை. எல்லாம் சமாளிக்கிறாள் என்று பாராட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், வழக்கமாகப் போகாத நேரத்தில், இரவு 9 மணிக்குப் போய்ப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் குழந்தை எதிரில் இல்லாதபோது, "ராத்திரி எப்படிப் போகுது உனக்கு? குடிக்கிறியா?" என்று நேராகவே கேளுங்கள். கோபம் வரலாம், இல்லை என்று சொல்லலாம். என்னிடம் யாராவது கேட்டிருந்தாலும் நான் முதல் தடவை இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அடுத்த வாரமும் கேளுங்கள். ஆம் என்று பதில் வந்தால் அறிவுரையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்றைக்கு என்று கேட்டு, அந்த நேரத்துக்குக் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.